மலை உச்சிக்கு நேரே ஒரு மனை

என் அருமைக் கலாவுக்கு,

அந்த வெற்று மனையில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் நின்று நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்? ஏழு மாதமாக இதற்கு விடை தேடுகிறேன். தெரியவில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ இருந்தபோது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "நீயே வந்து நின்னு பாருக்கா" என்றுதான் சொல்லியிருப்பாய். நான் வந்திருக்க மாட்டேன்.

'அருமை' என்று உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரே ஊரில் இருந்தோம், கடிதத்துக்கு வேலை இல்லை. நீ போனில் பத்துச் செய்தி அனுப்பினால் நான் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவேன். போன வாரம் மேலே தள்ளிப் பார்த்தேன். நிறையக் கட்டைவிரல்கள் இருந்தன.

இங்கே செய்திகள் இவை. உன் மகள் நிலா வேலூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்கிறாள், ஆனால் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள். நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் உன் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். உன் வெள்ளைக் கோட்டைத் துவைத்து மடித்து என்னிடம் கொடுத்தாள், நல்ல பெண். நீ குடியிருந்த வீட்டை நான்கு அறைகளாகத் தடுத்துவிட்டார் வீட்டுக்காரர். கிரிவலத்துக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். வாசலில் தெலுங்கில் ஒரு பலகை தொங்குகிறது. "பாருக்கா, ஒருநாள் நம்மள கெளப்பிட்டு லாட்ஜ் ஆக்கிடுவாரு" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். அவர் உன்னைக் கிளப்ப வேண்டியிருக்கவில்லை.

தீபம் முடிந்த வாரத்தில் நீ ஆய்வகத்தில் யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாய். தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் மதியம் எல்லாம் முடிந்தது. தீபத்துக்கு வந்த கூட்டம் அப்போதுதான் வடிந்துகொண்டிருந்தது, தெருவெல்லாம் காகிதத் தட்டுகள். நான் அழவில்லை. இன்றுவரை அழவில்லை. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. பல் பிடுங்கிய அன்று ஈறு மரத்திருக்குமே, ஊசியின் வேகம் எப்போது இறங்கும் என்று காத்திருப்போமே, அப்படி இருக்கிறது. இறங்கவில்லை.

வாரிசுச் சான்றிதழுக்காக வேங்கிக்கால் பக்கம் அரசு அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. "இறந்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஓர் அலுவலர் கேட்டார். "தங்கை" என்றேன். எழுதிக்கொண்டார். சான்றிதழ் கைக்கு வந்தபோது உன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன். இல்லை. மடித்துப் பையில் வைத்தேன்.

உன் கணவர் இறந்து பதினாறு வருஷம் ஆகிறது, நிலா ஒரே மகள். அதனால் அந்த மனை இப்போது அவளுடையது. அவளுக்குப் பத்திரத்தைப் படிக்கவே பிடிக்கவில்லை. அப்படித்தான், ஐம்பதை நெருங்கும் வயதில், நிலம் வாங்குவது விற்பது என்றால் என்ன என்று நான் முதல் வகுப்பிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. கல்லூரியில் இருபத்து மூன்று வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன். வில்லங்கச் சான்று என்றால் வில்லங்கம் இருக்கிறது என்று சொல்லும் தாளா, இல்லை என்று சொல்லும் தாளா என்பது தெரியாது எனக்கு.

உன் நீல ஃபைலைத் திறந்தேன். பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், பட்டா, மனைப்பிரிவின் அங்கீகார வரைபடம் எல்லாம் வரிசையாக இருந்தன. மாணவர்கள் கொண்டுவரும் ரெக்கார்டு நோட்டை எப்படித் திருத்துவேனோ அப்படித்தான் படித்தேன், பென்சிலோடு. குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது என்பதையும் உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

ஃபைலின் கடைசியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் உன் கையெழுத்தில் 'புதுசா மனை வாங்குறவங்களுக்கு' என்று தலைப்பு. யூடியூபில் யாரோ பேசியதைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாய். அங்கீகாரம் பார். தண்ணி இருக்கா பார். ரோடு எத்தனை அடி பார். அவசரப்படாதே, ஆனா தள்ளியும் போடாதே. அதற்குக் கீழே, வேறு மையில்: அக்காகிட்ட காட்டு. அதற்கு நேராக ஒரு டிக்.

காட்டினாய். நினைவிருக்கிறது.

ஒரு மதிய இடைவேளையில் எங்கள் துறைக்கே வந்துவிட்டாய். கையில் மனைப்பிரிவின் நோட்டீஸ், இன்னொரு கையில் எனக்கு எலுமிச்சம்பழ சாதம். நோட்டீஸில் மலையின் படம் பெரிதாகவும் மனையின் அளவு சிறிதாகவும் அச்சடித்திருந்தார்கள். நான் சாதத்தை வாங்கிக்கொண்டேன்.

"முப்பத்தெட்டாம் நம்பர் எடுத்துட்டேன்கா. பக்கத்துல முப்பத்தேழு காலியா கெடக்கு. நீ எடுத்துக்கோ. நடுவுல செவுரு வேணாம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ரெண்டு பேரும் எத்தனை வாடக வூட்ல மூட்ட கட்டியிருக்கோம். அங்கேர்ந்து மலை எப்படித் தெரியுது தெரியுமா? அப்படியே முன்னாடி வந்து நிக்குது."

"மலை தெரியுதுன்னு காசு குடுக்கிறவளுக்கு என்ன பேரு தெரியுமா?"

"என்ன பேரு?"

"பக்தை. முதலீடு பண்றவ இல்ல."

நீ சிரித்தாய். பக்கத்து மேசை தமிழரசி மேடமும் சிரித்தார். நீ அவரிடம், "எங்க அக்கா இப்படித்தான் மேடம், சாமி வந்து நின்னாலும் ஆதார் கேப்பா" என்றாய். பிறகு என்னைப் பார்த்து, "யோசிச்சு சொல்லு, ரெண்டு வாரம் நிறுத்தி வெக்கச் சொல்றேன்" என்றாய். நான் யோசிக்கவில்லை. மூன்றாம் வாரம் அந்த மனையை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்று செய்தி அனுப்பினாய். நான் கட்டைவிரல் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் உன் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் போயின. ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் முளைத்த வேப்பங்கன்று ஒன்றைப் பிடுங்கிக் கொண்டுபோய் மனையில் நட்டிருக்கிறேன் என்றாய். தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்றாய். படம் அனுப்பினாய். கன்று, கன்றுக்குப் பின்னால் மனைப்பிரிவின் கறுப்புத் தண்ணீர் டேங்க், டேங்குக்குப் பின்னால் மலை. எல்லாப் படமும் ஒரே படம்தான். கன்று மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே வந்தது.

இனிமேல்தான் நான் உன்னிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கும் விஷயம்.

பத்து நாளைக்கு முன்னால் மனையை அளந்து எல்லை பார்க்கப் போனேன். பட்டாவில் நிலாவின் பெயர் ஏறிவிட்டது, கல்லையும் சரிபார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சர்வேயர் வந்தார். உனக்கு மனையை முடித்துக் கொடுத்த தரகர் ஏழுமலையும் வந்தார். வேங்கிக்காலைத் தாண்டி, புது வீடுகள் முடிகிற இடத்தில் மண் ரோட்டுக்குள் திரும்பி, அங்கேயிருந்து இரண்டு நிமிஷம். இவ்வளவு பக்கம் என்று எனக்குத் தெரியாது.

"தங்கச்சி அடையாளம் கரெக்டா வெச்சிருப்பாங்க மேடம்" என்றார் ஏழுமலை. "நான்தான் சொல்லிக்குடுத்தேன். கல்லு போச்சுன்னாகூட கவலயில்ல. டேங்குக்கு மேல நேரா மலை உச்சி வந்து நின்னுச்சுன்னா அதான் உங்க மனை. இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. மலைய விட்டா வேற இன்னா அடையாளம்?"

நின்று பார்த்தேன். டேங்குக்கு மேலே உச்சி நேராக வந்து நின்றது. வேம்பு என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம். சுற்றி அரைவட்டமாகச் செங்கல் அடுக்கியிருந்தாய். கிளையில் ஓர் ஊதா நிறக் குவளை கவிழ்த்து மாட்டியிருந்தது. அது உன் குளியலறைக் குவளை. கைப்பிடியில் உடைந்த இடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சர்வேயர் வரைபடத்தை வண்டி சீட்டின் மேல் விரித்தார். ரோட்டு முனையிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டே வந்தார். மரத்தைக் கடந்தார். மேலும் இருபத்தைந்து அடி போய் ஒரு முளையை அடித்தார்.

"மரம் முப்பத்தேழுல இருக்குதும்மா. உங்களுது முப்பத்தெட்டு. அதோ முள்ளு மண்டிக் கெடக்குதே, அது."

இன்னொரு முறை அளக்கச் சொன்னேன். அளந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து அளக்கச் சொன்னேன். சலித்துக்கொள்ளாமல் அளந்தார். அதே இடத்தில்தான் முளை விழுந்தது.

"மலை எங்கயும் போவாது மேடம்" என்றார் ஏழுமலை. பிறகு அவர் முகம் மாறியது. "டேங்குதான்... ஆமா. பழைய போர்ல தண்ணி நின்னுபோச்சு. இந்தாண்ட புது போர் போட்டாங்க. டேங்க ஸ்டாண்டோட தூக்கிக் கொணாந்து இங்க வெச்சாங்க."

"எப்போ?"

"தங்கச்சிக்குப் பத்திரம் ஆச்சே, அதுக்கு அடுத்த மழைக்கப்புறம்."

"எவ்வளவு தூரம் தள்ளி?"

அவர் கண்ணால் அளந்தார். "ஒரு மனை அகலம் இருக்கும்."

அவ்வளவுதான் கலா. பத்திரம் முடிந்தது, மழை பெய்தது, கல்லை எவரோ பிடுங்கிப் போனார்கள், புல் மூடிவிட்டது. அதற்குப் பிறகுதான் நீ கன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். டேங்கைப் பார்த்தாய், மலையைப் பார்த்தாய், இரண்டும் நேராக வந்ததும் குழி தோண்டினாய். டேங்க் நகர்ந்ததை யாரும் உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு கிடைக்கும், அதில் ஒரு புள்ளி நகர்ந்தால் கோடும் நகரும். இதை வருஷா வருஷம் கரும்பலகையில் போடுகிறேன். நீ என்னிடம் காட்டிய படங்களில் அந்தக் கோடு இருந்தது. நான் பார்த்ததெல்லாம் எத்தனை மணிக்கு அனுப்பியிருக்கிறாய் என்பதைத்தான்.

உன் நோட்டில் எல்லாம் இருக்கிறது. 'அளந்து பார்' மட்டும் இல்லை.

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே முப்பத்தேழின் சொந்தக்காரர் வந்தார். முனுசாமி என்று பெயர், கீழ்பென்னாத்தூர்க்காரர். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று அளக்கிறோம் என்று ஏழுமலை சொல்லி வைத்திருந்தாராம். சமாச்சாரத்தைக் கேட்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டார்.

"அடக் கடவுளே. நான் இந்த லேஅவுட்காரன் வெச்ச மரம்னு நெனச்சேம்மா. எப்பவாச்சும் வருவேன், அதுல குச்சி ஒடச்சுப் பல்லு வெளக்கியிருக்கேன்."

"பரவால்லங்க" என்றேன்.

"எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், நம்ம மனையில செங்கல் கட்டி மரம் வளக்கிறாங்கடி, கம்பெனின்னா இப்படி இருக்கணும்னு."

ஏழுமலை சிரித்துவிட்டார். சர்வேயரும் சிரித்தார். எனக்கும் உதடு விரிந்தது. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், அடுத்தவர் மனையின் செங்கல் மேலேயே.

முனுசாமி சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். "உங்க தங்கச்சிக்கு இன்னா வயசும்மா?" நாற்பத்து நான்கு என்றேன். "எம் பெரிய பொண்ணு வயசுதான்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இதற்குள் நீ ஒன்றைக் கவனித்திருப்பாய், அவசியம் கவனித்திருப்பாய். முப்பத்தேழு என்பது நீ எனக்காக நிறுத்தி வைக்கச் சொன்ன மனை. மூன்று வருஷம் நீ செங்கல் அடுக்கியது, தண்ணீர் ஊற்றியது, நின்று மலை பார்த்தது எல்லாம் நான் வேண்டாம் என்ற மனையில். உன் மனையில் முள் வளர்ந்திருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது சொல்ல வந்தால் நான் கேட்க மாட்டேன். அர்த்தம் இல்லை. ஒரு டேங்கை நகர்த்தினார்கள். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சும்போது அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். பாத்திரம் கருகிய பிறகுதான் பார்த்தேன்.

இப்போது இருக்கும் சிக்கல் இது. முப்பத்தைந்து, முப்பத்தாறு இரண்டையும் ஹைதராபாத்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள். வருஷத்துக்கு நான்கு தடவை அண்ணாமலையாரைப் பார்க்க வருகிறவர்கள், தங்குவதற்கு வீடு கட்டப் போகிறார்களாம். முப்பத்தேழும் முப்பத்தெட்டும் சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்கிறார்கள். நல்ல விலையாம். முனுசாமி கடைசி மகள் கல்யாணத்துக்காகக் கொடுக்கத் தயார். ஆடி பிறந்துவிட்டால் இங்கே யாரும் அட்வான்ஸும் வாங்க மாட்டார்கள், பத்திரமும் செய்ய மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். நாளை மறுநாள் ஆடி. அதனால் நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இன்று மாலை ஏழுமலை மறுபடியும் போன் செய்தார்.

"மேடம், இந்த ரேட்டு ஆவணியில இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது."

"ஆவணியில ஜாஸ்தி ஆகாதுன்னு சொல்ல முடியுமா?"

"அதையும் சொல்ல முடியாது மேடம்."

"அப்ப நீங்க சொல்றதுல எனக்குப் பயன்படறது எது?"

 "உங்க தங்கச்சியும் இப்படித்தான் மேடம் கேப்பாங்க" என்றார். அது உண்மையாக இருக்காது. நீ யாரையும் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் அந்த மனிதர் ஏதோ நல்லதாகச் சொல்ல நினைத்தார், விட்டுவிட்டேன்.

நிலாவிடம் விலை வந்திருப்பதைச் சொன்னேன். மரம் பற்றி இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"நீங்களே முடிவு பண்ணுங்க பெரிம்மா. கையெழுத்துக்கு எப்ப வரணும்னு சொல்லுங்க. ஆனா அம்மா ஞாபகமா வெச்சுக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க. ஞாபகம் எனக்கு ஹாஸ்டல்லயே ஜாஸ்தி இருக்கு."

பத்தொன்பது வயதில் இப்படிப் பேசுகிறாள். உன்னைப் போல இல்லை. என்னைப் போல இருக்கிறாளோ என்று பயமாக இருக்கிறது.

உட்கார்ந்து யோசித்தேன். விற்றால் நிலாவுக்குப் படிப்பு முடியும்வரை கவலை இல்லை, அதற்கு மேலும் மிஞ்சும். வைத்திருந்தால் முள் வெட்ட வேண்டும், வேலி போட வேண்டும், யாராவது உள்ளே நுழைகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முப்பத்தேழை நானே வாங்கிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் நினைத்தேன். என் பேரில் இருக்கும் வைப்பு நிதியை உடைத்தால் முடியும். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்காததை இப்போது வாங்குவது உனக்காகவா எனக்காகவா? எனக்கு நானே செய்துகொள்ளும் சமாதானத்துக்குப் பெயர் முதலீடு இல்லை. நான்தான் உனக்கு அப்படிப் பாடம் எடுத்தேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை போய், முப்பத்தெட்டைக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லப் போகிறேன். நிலத்தில் என் தொடக்கமே விற்பதாக அமைகிறது. நீ கோபப்பட மாட்டாய் என்று தெரியும். கோபப்பட்டால்கூட நன்றாக இருக்கும்.

நேற்று இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். இன்று நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

காலையில் புறப்படும் முன் நிலாவுக்குப் போன் செய்தேன். முழு விஷயமும் தெரியாமல் அவளிடம் கையெழுத்து வாங்குவது சரியில்லை என்று பட்டது. டேங்க் நகர்ந்ததைச் சொன்னேன், மரம் நிற்கும் இடத்தைச் சொன்னேன். முனுசாமி பல் விளக்கியதைச் சொன்னேன்.

 சிரித்தாள். ஏழு மாதத்தில் அவள் சிரித்து நான் கேட்டது இன்றுதான்.

"மூணு வருஷமா அடுத்தவங்க மனைக்கா தண்ணி ஊத்துனாங்க? ஐயோ அம்மா... ஒரு ஞாயித்துக்கிழமைகூட வீட்ல இருக்க மாட்டாங்க பெரிம்மா. நான் சண்டை போடுவேன்."

"ம்."

"அப்ப அவங்க மனையில அவங்க ஒரு நாளும் நிக்கவே இல்லையா?"

"பத்திரத்துக்கு முன்னாடி காட்டினப்ப நின்னிருப்பா. அதுக்கப்புறம் இல்ல."

 பின்னால் யாரோ பெண்கள் வாளியை இழுக்கும் ஓசை கேட்டது.

"அப்ப விக்காதீங்க பெரிம்மா. அந்த எடத்துல இன்னும் யாரும் நின்னு பாக்கவே இல்லையே. நாம ஒருவாட்டி நின்னு பாப்போம். அப்புறம் வேணும்னா வித்துக்கலாம்."

இதில் தர்க்கம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். மனை அவளுடையது. சரி என்றேன்.

நான் மனைக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து இருக்கும். இந்தத் தடவை என் பையில் ஒரு டேப் வைத்திருந்தேன். முனுசாமி முந்தின நாள் சாயங்காலமே அட்வான்ஸ் வாங்கிவிட்டிருந்தார். ஹைதராபாத்காரர்களுக்கு முப்பத்தேழு மட்டும் கிடைத்தாலும் சம்மதமாம், அவர்கள் மனையை ஒட்டி இருப்பதால். ஆனால் ஒரு நிபந்தனை. மரம் ஈசானிய மூலையில் இருக்கிறது, வாஸ்துக்கு ஆகாது, காலி மனையாகத்தான் வேண்டும். பக்கத்தில் ரோடு போட்டுக்கொண்டிருந்த பொக்லைனை ஏழுமலை கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். ஊதா குவளையை முனுசாமி கையில் வைத்திருந்தார்.

"உங்களுக்குப் போன் பண்ணச் சொன்னேம்மா நான். கண்ணெதிர்ல இல்லாம புடுங்கறது நல்லால்ல."

"எங்க மனைய நாங்க விக்கலங்க" என்று ஏழுமலையிடம் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை, ஆனால் கை பாதி தூரம் போனது. பிறகு பொக்லைன் ஆபரேட்டரிடம் திரும்பினேன். "வேரோட எடுத்து அந்தப் பக்கம் வெக்க முடியுமா?"

"எடுக்கலாம்மா. பொழைக்குமான்னு கேக்காதீங்க."

"கேக்கல."

"கெளைய எல்லாம் கழிக்கணும். மொட்டையாத்தான் நிக்கும்."

"சரி."

முதலில் பொக்லைனை விட்டு முள்ளை வாரி ஓரம் தள்ளினார். பிறகு, "எங்க தோண்டணும்?" என்று கேட்டார். நான் டேப்பை விரித்தேன். முனுசாமி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். சர்வேயர் அடித்த முளையிலிருந்து ஐந்து அடி, ரோட்டிலிருந்து ஐந்து அடி. இரண்டு தடவை அளந்து, செருப்பால் ஒரு கோடு போட்டேன்.

"மூல பாக்கலயா மேடம்?" என்றார் ஏழுமலை.

"நம்பர் பாத்தாச்சு" என்றேன்.

முப்பது அடி தூரம். இவ்வளவு பெரிய மண் உருண்டையோடு மரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. குழியில் இறக்கும்போது சாய்ந்தது. யாராவது பிடிக்க வேண்டும் என்றார் ஆபரேட்டர். நான்தான் கிட்டே நின்றிருந்தேன். தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மண் தள்ளி மிதித்து முடிக்கும்வரை பிடித்திருந்தேன். தண்டு என் கைக்கு அடங்குகிற அளவுதான். புடவையெல்லாம் மண். எல்லாரும் போன பிறகு குவளையை எடுத்து டேங்கிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். பதினான்கு நடை. அங்கே ஒரு பக்கெட் வேண்டும், நீ எப்படிச் சமாளித்தாய்?

பிறகு உன் மனையில் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். மலை தெரிந்தது. இந்த இடத்திலிருந்து பார்த்தால் உச்சி டேங்குக்கு நேராக வரவில்லை, ஒரு பக்கமாக விலகி நிற்கிறது. மற்றபடி மலை மலையாகத்தான் இருந்தது. நீ என்ன பார்த்தாய் என்று இப்போதும் தெரியவில்லை. வெயில் ஏறியதும் வந்துவிட்டேன்.

மரம் மொட்டையாக நிற்கிறது. விட்டு வைத்திருந்த நான்கைந்து இலைகளும் சாயங்காலத்துக்குள் சுருண்டுவிட்டன என்று முனுசாமி போன் செய்து சொன்னார். ஊருக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை நிலா வருகிறாள். இரண்டு பேரும் போவோம். அதற்கு அடுத்த ஞாயிறும் நான் போவேன், பக்கெட்டோடு, முப்பத்தெட்டுக்கு. துளிர்த்தால் உனக்குச் சொல்கிறேன். துளிர்க்காவிட்டாலும் சொல்கிறேன். இனி வெறும் கட்டைவிரல் அனுப்ப மாட்டேன் கலா.

முப்பத்தேழை வேண்டாம் என்ற
உன் அக்கா